செல்வம் கேட்காத கேம் போர்டு

பழைய வீடியோ கேம் பெட்டியின் சர்க்யூட் போர்டை வைத்துக்கொள்வதா, போட்டுவிடுவதா என்று பார்க்க இன்று காலை அதற்கு மின்சாரம் கொடுத்தேன். சூடேறிய தூசி வாசனையில் வில்லாபுரத்து வீடியோ கேம் கடை நினைவுக்கு வந்தது.

அங்கே ஓடிய இந்த போர்டு போலி என்பதால் கரண்ட் போனதும் பாயிண்டெல்லாம் அழிந்துவிடும். ஜெயித்தவன் பெயரைக் கடைக்கார அண்ணன் சாக்பீஸால் பெட்டிமேல் எழுதிவைப்பார். எப்போதும் என் நண்பன் செல்வம் பெயர்தான். ஒருநாள் அதைச் சட்டைக் கையால் அழித்தேன்.

"எம்புட்டுப் பொறாமைடா ஒனக்கு!" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் இன்னும் பெரிதாக எழுதினார்.

கடையை ஒரேயடியாக மூடியபோது செல்வத்தை முந்திக்கொண்டு போர்டை வாங்கினேன். அவன் கேட்டால் தரமாட்டேன் என்று சொல்வதற்காகவே இத்தனை வருடம் வைத்திருந்தேன். இன்று பொறுக்காமல் அவனுக்குப் படம் அனுப்பினேன்.

"என்ன மாப்ள இது, ரேடியோ போர்டா?" என்றான்.

மத்தியானமே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன்.