அத்தை இருந்த திசை

சுரங்க விளிம்பில் கற்பூரம் நிற்காது. புழுதிக் காற்று சுழற்றியடிக்க, அப்பா வேட்டி முனையை விரித்து மறைத்துக்கொள்வார், பெரியப்பா நெருப்புக்குச்சிகளைக் கிழித்துக் கிழித்துப் போடுவார். அந்த மருந்து நெடியும், இலையில் வைத்த புதுப் பாவாடையின் கஞ்சி வாசனையும் சேர்ந்ததுதான் எனக்குப் பொங்கல்.

பாவாடை அஞ்சலை அத்தைக்கு. அப்பாவின் தங்கை, பள்ளிக்கூடம் போகும் முன்பே காய்ச்சலில் போனவள். கன்னியாகப் போன பெண்ணுக்கு ஆண்டுதோறும் பாவாடை, வளையல், பூ வைத்துப் படைத்து, அந்தப் பாவாடையை வீட்டுப் பெண் பிள்ளைக்குக் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். ஆக, என்னைவிடச் சின்னவளான ஓர் அத்தையின் துணிகளைக் கட்டியே நான் வளர்ந்தேன்.

அவளைப் புதைத்தது எங்கள் பழைய ஊரான வேலங்குப்பத்து ஏரிக்கரையில், புங்கமரத்தடியில். பழுப்பு நிலக்கரிக்காக ஊரைக் காலி செய்யச் சொன்னபோது அப்பாவும் பெரியப்பாவும் சிறுவர்கள். பிறகு ஏரியும் இல்லை, மரமும் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் குழிதான். ஊர் குழிக்குள் போய்விட்டது என்று எல்லோரும் நம்பியதைப்போல் நாங்களும் நம்பி, குழியைப் பார்த்துப் படைத்தோம்.

குழியில் எந்தப் பக்கம் என்பதில்தான் வம்பு. "பொகபோக்கிக்கு நேராடா" என்பார் பெரியப்பா, தூரத்து அனல்மின் நிலையத்தைக் காட்டி. "இல்லண்ணா, சூரியன் கெளம்புற பக்கம். அந்த மரத்தடியில வெளையாடிகினு கெடந்தவன், எனக்குத் தெரியாதா?" என்பார் அப்பா. "மொதல்ல அந்தப் புள்ளைக்குச் சோத்த வைங்க, அப்பறம் தெச பாக்கலாம்" என்று அம்மா இடித்துரைப்பாள்.

ஒரு பொங்கலன்று வார்த்தை தடித்தது. அப்பா அப்போது மண் வாரும் ராட்சத இயந்திரத்தில் "பர்மனென்ட்" ஆகியிருந்தார். "நீ தெச சொல்றியா? நீ ஓட்டுற மிசினுதாண்டா அவள வாரிப் போட்டுது" என்று சொல்லிவிட்டார் பெரியப்பா. சொன்னவருக்கே முகம் செத்துப்போயிற்று. அப்பா இலையை மடித்தார்.

அதன்பின் பெரியப்பா அதே விளிம்பில் கொஞ்சம் தள்ளித் தனியாகப் படைத்தார். அவருக்குப் பெண் இல்லாததால் அந்தப் பாவாடையும் எனக்கே வந்தது. ஆண்டுக்கு இரண்டு பாவாடை என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அப்பாவோ ஷிப்டு முடிந்து வந்தால், சோற்றில் வைக்கும் முன் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

போன மாதம் இணையத்தில், யாரோ ஏற்றி வைத்திருந்த வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் ஒன்று கிடைத்தது. பண்ருட்டி, திருவதிகை, காடாம்புலியூர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. விரலை நகர்த்தினேன். வேலங்குப்பம், பக்கத்தில் நீல நிறத்தில் ஏரி. அதன்மேல் இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பொருத்திப் பார்த்தேன். ஏரி குழிக்குள் இல்லை. குழியில் தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய மண்மலைக்கு அடியில், அன்று நாங்கள் நின்ற விளிம்புக்குப் பின்னால் இருந்தது. இரண்டு வீட்டாரும் இத்தனை காலம் அத்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இலை போட்டிருக்கிறோம்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இப்போது பண்ருட்டியில் என்னோடு இருக்கும் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"அப்போ அவள தோண்டலியா?"

"இல்லப்பா. அந்த எடத்துல மிசினே எறங்கல."

மண் போட்டு மூடியதில் நாங்கள் நின்ற விளிம்பு இன்று இல்லை, மண்மலையில் முந்திரி வளர்ந்து நிற்கிறது, வேலங்குப்பம் என்ற பெயர் எந்தப் புதுப் படத்திலும் இல்லை. போன தையில் பெரியப்பாவும் போய்விட்டார். இந்தப் படத்தை ஓர் ஆண்டு முன்னால் தேடியிருக்கக் கூடாதா என்று என்னையே நொந்துகொண்டிருந்தபோது அப்பா பேசினார்.

"சாவறப்போ அண்ணன் எங்கையப் புடிச்சிகினு, 'நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதுடா'ன்னு அழுதாரும்மா. 'நீ சொன்னது நெசந்தானண்ணா'ன்னு சொல்லி அனுப்பிட்டேனே."