மல்பெரி மாதத்து மயில் குஞ்சுகள்

மே மாதப் பாதியில் ஒரு விடியற்காலை நரி வந்து அம்ப்ருஷின் ஒரே மயில் பெட்டையைக் கவ்விக்கொண்டு போனது. வேலியோரக் காஞ்சொறிச் செடிக்குள் அது இட்டிருந்த ஆறு முட்டைகள் சூடு ஆறாமல் கிடந்தன. ஆண்மயில் புகைபோக்கியின் மேல் ஏறி மூன்று நாள் கத்தியது. கெரெஷ் ஆற்றுச் சமவெளியில் சத்தத்தைத் தடுக்க மேடு கிடையாது. அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த பண்ணையிலிருந்து, "உங்க வீட்ல எழவா?" என்று போன் வந்தது.

அம்ப்ருஷ் முப்பத்தொரு வருடம் வடிகால் நிலையத்தில் பம்ப் பிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற வருடம், வெள்ளம் புகுந்த ஒரு நிலவறையை இறைத்துக் கொடுத்ததற்கு மயில் குஞ்சு ஜோடி கிடைத்தது. அன்றிலிருந்து கோழிகள் அவருக்கு வேலை, மயில்கள் ஆசை. அந்தப் பெட்டையின் வம்சம் இனி இந்த ஆறு முட்டைதான்.

அடைக்கு உட்கார்ந்திருந்த மொட்டைக் கழுத்துக் கோழி ஒன்றின் அடியில் அவற்றை வைத்தார். ஒரு முட்டை கூமுட்டை. ஐந்து பொரிக்க இருபத்தெட்டு நாள் ஆனது.

அதற்குள் செய்ய வேண்டிய காரியம் அவருக்குத் தெரியும். கோழியின் குடல்முனையில் ஒரு புழு குடியிருக்கும். கோழிக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் அந்தப் புழுவின் முட்டைக்குள் ஒரு கிருமி ஒளிந்திருக்கும். மண்ணைக் கிளறித் தின்னும் மயில் குஞ்சின் வயிற்றுக்குள் அது போய்விட்டால் ஈரல் புண்ணாகிவிடும். ஆகவே குஞ்சு பொரிக்கும் முன் முற்றம் முழுவதற்கும் புழு மருந்து. இருபத்து மூன்று கோழிகளையும் நான்கு வாத்துகளையும் ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டு மீன் தராசில் தொங்கவிட்டார். ஆண்மயில் சாக்குக்குச் சம்மதிக்கவில்லை. கண்ணளவில் ஐந்து கிலோ என்று எழுதிக்கொண்டார். மொத்த எடைக்குக் கணக்கிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஐந்து நாள் மருந்து கலந்தார். தொட்டிச் சுவரில் பென்சில் கோடு. தினமும் நோட்டில்: குடித்தது ஒன்பது லிட்டர்.

மருந்துக் காலத்து முட்டையைத் தின்னக் கூடாது. மனைவி பிரோஷ்கா பொருமினாள்.

"இருபத்தி மூணு கோழி வச்சிருக்கவ கடையில முட்ட வாங்குறா. ஊரே சிரிக்குது கெழவா!"

"சிரிக்கட்டும். அவங்க கோழிக்கெல்லாம் வயித்துல புழு."

"உனக்கு மண்டையில."

குஞ்சுகள் தாய்க்கோழியின் பின்னாலேயே திரிந்தன. அது கிளறி, அலகில் எடுத்து நீட்டினால்தான் தின்றன. மூன்றாவது வாரம் ஒன்று மட்டும் பின்தங்கியது. இறக்கை தொங்க, கண்ணை மூடி வெயிலில் நின்றது. மறுநாள் செத்துக் கிடந்தது. அம்ப்ருஷ் அதைச் செருப்பு டப்பாவில் வைத்துக் கால்நடை மருத்துவர் ரேக்காவிடம் கொண்டுபோனார். அவள் அறுத்துக் காட்டினாள். ஈரல் முழுக்க வட்ட வட்டமாக வெளிறிய புண்கள்.

"எச்சம் மஞ்சளா இருந்துச்சா மாமா?"

"எல்லாம் ஊதாதான். மல்பெரி கொட்டுதே. முற்றமே ஊதா."

"கோழிக்குப் புழு மருந்து?"

"ஜூன் மொத வாரம். அஞ்சு நாள், தண்ணியில. ஒரு நாளைக்கு ஒம்பது லிட்டர் குடிச்சிருக்கு. எழுதி வச்சிருக்கேன்."

"மல்பெரி பழுக்குற நேரத்துலயா? வயிறு முட்டப் பழம் தின்ன கோழி எதுக்குத் தண்ணி தேடுது?"

"அப்ப அந்த ஒம்பது லிட்டர்?"

ரேக்கா கை கழுவிக்கொண்டே திரும்பினாள். "வாத்து இருக்கா மாமா?"



வீட்டுக்கு வந்து தொட்டியருகே நின்றார். நான்கு வாத்துகளும் உள்ளே இறங்கி ஆனந்தமாகக் குளித்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் தரை சொதசொதவென்று ஊறியிருந்தது. வடிகால் நிலையத்தில் பம்ப் பக்கத்து அளவை மட்டும் படித்துவிட்டு வரும் பையன்களை, "வாய்க்கா கடைசில தண்ணி வந்துச்சான்னு பாத்தியாடா?" என்று திருப்பி அனுப்பியவர் அவர்.

மீதி நான்கு. அவற்றை இன்றே அந்த மண்ணைவிட்டுத் தூக்கச் சொல்லியிருந்தாள் ரேக்கா. தாயையும் பிரிக்க வேண்டும், நோயின் மஞ்சள் எச்சம் இல்லாமல் பத்து நாள் தாண்டினால் பயமில்லை. தாயைப் பிரித்தால் குஞ்சுகள் பட்டினி கிடந்தே சாகும் என்று அம்ப்ருஷுக்குத் தெரியும். நகரத்து ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டார்.

"புழு முட்டை எச்சத்துல விழுந்த உடனே ஒண்ணும் பண்ணாதுப்பா. முத்துறதுக்கு ரெண்டு வாரம் ஆகும்," என்றாள் அவள்.

"அப்ப எச்சத்த அன்னன்னைக்கே அள்ளிட்டா?"

"அள்ளிட்டா தாய் கூடவே இருக்கலாம். எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ."

ரேக்கா யோசித்து, தாய்க்குக் கையால் மருந்து கொடுத்து, தரையில் காகிதம் விரித்து அதை நாளுக்கு மூன்று தடவை மாற்றுவதானால் சரி என்றாள். அதற்குப் பலகைத் தரை வேண்டும். இருந்தது முற்றத்து ஓரம் தனியாக நிற்கும் கோடைச் சமையலறை ஒன்றுதான். பிரோஷ்கா அங்கே செர்ரிப் பழங்களைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜாம எங்க கிண்டறது? உன் தலையிலயா?"

"பத்தே நாள், பிரோஷ்கா."

"செர்ரி பத்து நாள் காத்திருக்குமா?" என்று கேட்டபடியே அண்டாவைத் தூக்கி வெளியே வைத்தாள். "செய்தித்தாள் மேல் அலமாரியில இருக்கு. பரப்பு."

மற்றக் கோழிகளை மத்தியானம்வரை பழம் எட்டாமல் அடைத்துப் பட்டினி போட்டு, ஒவ்வொன்றின் அலகையும் பிரித்து மருந்து ரொட்டி உருண்டையை உள்ளே தள்ளினார். இருபதாவது கோழி கையைக் கிழித்தது. வாத்துகளுக்குத் தனித் தொட்டி. அன்றிலிருந்து நோட்டில் எழுதியது, ஒவ்வொன்றின் தொண்டையில் இறங்கியதை மட்டும்.

பிறகு காத்திருப்பு. காலை, மத்தியானம், சாயங்காலம் காகிதத்தைச் சுருட்டுமுன் இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு எச்சத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

"இது மஞ்சளா?"

"சோளம், கெழவா. காலைல நீதான போட்ட."

ஆறாவது நாள் ஒரு குஞ்சு தின்னாமல் மூலையில் நின்றது. அம்ப்ருஷ் அன்று அதன் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாய்க்கோழி ஒரு அவித்த கோதுமை மணியை எடுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் நீட்டியது. மூன்றாம் தடவை குஞ்சு வாங்கிக்கொண்டது.

பத்தாவது நாள் காகிதத்தில் பழுப்பும் வெள்ளையும்தான். பதினோராவது நாளும் அப்படியே. பிரோஷ்கா கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைத்தாள். "நாலும் தேறிடுச்சு," என்றாள்.

அதன்பின் அம்ப்ருஷுக்கு இன்னும் ஆறு கோடைகள் கிடைத்தன. நல்ல கோடைகள்.

அந்தப் பதினோராவது நாள் சாயங்காலம் நான்கு குஞ்சுகளும் விருட்டென்று பறந்து அடுப்புக்கு மேலிருந்த கம்பியில் போய் வரிசையாக உட்கார்ந்தன. தாய்க்கோழி கீழே நின்று கூப்பிட்டது. இறங்கவில்லை. மறுபடி கூப்பிட்டது. கடைசியில் அது முக்காலியில் தாவி, அங்கிருந்து நாற்காலிக்கு, நாற்காலி முதுகிலிருந்து தட்டுத் தடுமாறிக் கம்பிக்கு ஏறியது. இரண்டு குஞ்சுகள் இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். இறக்கையை விரித்து எட்டினவரை மூடிக்கொண்டது.

"எறக்கி விடவா?" என்றார் அம்ப்ருஷ்.

"விடு," என்றாள் பிரோஷ்கா. "அடுப்ப நாளைக்குப் பத்த வச்சிக்கலாம்."