மூடி மாறிய கார்புரேட்டர்

மெக்கானிக் தன் மச்சானுக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். ஷெட் போட வாங்கிய பணம். மூன்று வருடம் வாய் திறக்காத மச்சான், இந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பணம் வராவிட்டால் ஷெட்டை வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். இடம் அவர் பேரில் இருந்தது.

மெக்கானிக் அசரவில்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர்தான்; ஆனால் எஞ்சின் இருமுகிற இருமலை வைத்தே நோயைச் சொல்வார். அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவரும் அவரேதான். அந்த வாயை நம்பித்தான் பல் டாக்டர் தன் பச்சை நிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து விட்டார். இரண்டே இருக்கை, வண்டிக்கு அறுபது வயது. ஆக்சிலேட்டரை மிதித்தால் திக்கியது. நான்கு ஷெட்டுகள் கைவிட்ட வண்டி. ஓடவைத்தால் ஐம்பதாயிரம், இல்லாவிட்டால் சல்லிக்காசு வேண்டாம் என்று மெக்கானிக் அடித்துப் பேசிவிட்டார்.

அந்த எஞ்சினுக்கு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்க இரண்டு கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி. உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன். அது துள்ளாமலிருக்க நடுக்குழாயில் கொஞ்சம் ஆயில். திறந்து பார்த்தால் ஆயில் சொட்டுக்கூட இல்லை. ஊற்றிவிட்டுப் போயிருக்கலாம். கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் கழற்றி, ஒரே தட்டில் போட்டுக் கழுவி, பளபளவென்று துடைத்து மாட்டினார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வண்டி திக்கக்கூட இல்லை. ஸ்டார்ட் ஆனது, குலுங்கியது, அணைந்தது. மச்சான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாப்பிள்ளை, முன்னாடி இருமலாவது இருந்துச்சு. இப்ப மூச்சே போச்சு போல.”

மெக்கானிக் எஞ்சின் மேல் குனிந்தார். முன் கார்புரேட்டரின் பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டார். பாதியில் மாட்டி நின்றது. பின்னதைத் தூக்கிவிட்டார், பிடிமானமே இல்லாமல் தொப்பென்று விழுந்தது. அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. இரண்டு மூடியும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒவ்வொன்றும் தன் பிஸ்டனோடு மட்டும் சேரும்படி இழைத்தது. முடியளவு வித்தியாசம் போதும், ஒத்துப்போகாது. கழுவுகிற ஜோரில் அவரே மாற்றி மாட்டியிருந்தார்.

மூடிகளை இடம் மாற்றினார். பிஸ்டனைத் தூக்கிவிட்டார். நிதானமாக இறங்கி, ‘டக்’. அடுத்ததும் ‘டக்’. ஆயிலை ஊற்றினார். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே மாதிரி சீறும்வரை ஸ்க்ரூவைத் திருகினார்.

டாக்டர் வந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வாயெல்லாம் பல்லாக இறங்கினார். என்னதான் கோளாறு என்று கேட்டார். மச்சான் காதைத் தீட்டிக்கொண்டார்.

“ஆயில் வத்திப்போச்சு டாக்டர். மீதி கோளாறு நான் பண்ணுனது. ஆனா அதை என்னைத் தவிர எவனாலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது.”

“நானும் பக்கத்துப் பல்லைப் புடுங்கியிருக்கேன்,” என்றார் டாக்டர். “வெளிய சொன்னதில்ல.”

பேசியதைக் குறைக்காமல் கொடுத்தார். நண்பர் வீட்டில் இதே மாதிரி இரண்டு வண்டி நிற்பதாகவும், திங்கட்கிழமை அனுப்புவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

“கையை நீட்டுங்க மச்சான்.”

மச்சானின் விரித்த உள்ளங்கையில் நாற்பதாயிரத்தையும், எதிர்க்கடை வரைக்கும் கேட்கும்படி உரக்க எண்ணி வைத்தார் மெக்கானிக்.