புளியங்குளத்து வெயில்

அந்த நாவலை நான் மூன்று நாளில் இரண்டு தரம் வாசித்தேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கண்டாவளையில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் நூலகத்தில் இரண்டு அலுமாரிகள் இருந்தன. ஒன்றில் பழைய வினாத்தாள்கள், மற்றதில் நீதிக்கதைகள். அந்தக் கதைகளில் வந்த பிள்ளைகள் எல்லோரும் வேளைக்கு எழும்பிப் பல் தீட்டிப் பெரியவர்களுக்கு உதவி செய்தார்கள். அவர்களோடு மாரடித்து அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் நூலக ரீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து புதுப்புத்தகம் ஒன்று வாங்கிவந்தார். இளம் பிள்ளைகளுக்கான மர்ம நாவல்.

கதை வவுனியாவில் நடந்தது. உயர்தர வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தோழியை யாரோ ஒருவன் போனில் மிரட்டுகிறான். கேட்ட பொருளைப் புளியங்குளம் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகச் சொல்கிறான். அதை எடுக்க வருகிறவன் யார் என்று பார்ப்பதற்காக, கதாநாயகி ஒன்றும் தெரியாதவள்போல் பின்னேரக் கிளிநொச்சி பஸ்ஸில் ஏறி ட்ரைவருக்குப் பின்னால் உட்காருகிறாள். பஸ் சந்தியில் நிற்கிறது. அவனும் வருகிறான். அந்த நேரம் பார்த்து மாலை வெயில் அவள் கண்ணில் அடித்துவிடுகிறது. நீலச் சேட்டு மட்டும் தெரிகிறது, முகம் தெரியவில்லை. அதற்குப் பிறகு நூற்று அறுபது பக்கம் அவள் அந்த முகத்தைத் தேடுகிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஊர்ப் பெயர்களோடு இப்படியும் ஒரு கதை வரலாம் என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

அப்பா வவுனியா–கிளிநொச்சி பாதையில் தனியார் பஸ் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் குசினியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய பாதை புத்தகத்தில் வந்திருக்கிறது என்று காட்டுவதற்காக அந்த இடத்தை உரத்து வாசித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார் என்று நினைத்தேன். அவர் சோற்றைக் குழைத்தபடி கேட்டார்.

"பிள்ளை, அவள் எந்தச் சீற்றில இருக்கிறாள்?"

"ட்ரைவருக்குப் பின்னால, யன்னல் கரையில."

"பின்னேரம் வடக்க போற பஸ்ஸில வெயில் இடப்பக்கமெல்லோ அடிக்கும். எனக்குப் பின்னால இருக்கிற சனத்துக்கு என்னெண்டு கண் கூசினது?"

"ஐயோ அப்பா, இது கதை!"

"கதையெண்டாலும் சூரியன் மேற்கிலதானே விழ வேணும்."

அம்மா சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக நான் குடியிருந்த வீட்டின் தூணை ஒரு கவளம் சோற்றுக்கும் அடுத்த கவளத்துக்கும் இடையில் அப்பா பிடுங்கிவிட்டார். அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

அவர் சொன்னது பிழை என்று காட்டவேண்டும் என்பதற்காகவே, அடுத்த கிழமை அம்மாவுடன் வவுனியாவுக்கு டொக்டரிடம் பல்லுக் காட்டப் போய்த் திரும்பும்போது, அப்பாவின் பஸ்ஸில் அவருக்குப் பின்னால் இடம் பிடித்தேன். பஸ் ஓமந்தை தாண்டியது. இடப்பக்கச் சனங்கள் யன்னல் சீலையை இழுத்துவிட்டார்கள், புத்தகத்தால் முகத்தை மறைத்தார்கள். என் பக்கம் நிழல். புளியங்குளத்தில் பஸ் நின்றபோது வலப்பக்க வீதியோரத்தில் ஒருவர் வாழைக்குலையோடு நின்றார். மேற்கு வெயில் முழுவதும் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவருடைய மீசையில் எத்தனை நரை என்று எண்ணியிருப்பேன்.

கண்ணாடியில் அப்பா என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். கதாநாயகி அன்றைக்கே அவனைப் பிடித்திருக்கவேண்டும். கதை நாற்பதாம் பக்கத்தில் முடிந்திருக்கவேண்டும். விசித்திரம் என்னவென்றால், வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தகத்தை மூன்றாந்தரமும் எடுத்து வாசித்தேன். பிழை தெரிந்த பிறகும் நெஞ்சு அதே இடங்களில் அடித்தது.

வாசிப்பு மாத விழாவுக்கு அந்த எழுத்தாளரையே பிரதம விருந்தினராக அழைத்திருந்தார்கள். வங்கியில் வேலை செய்யும் இளம் பெண், மெல்லிய குரல். நாவலைப் பற்றி ஐந்து நிமிடம் பேச என்னைத் தெரிவுசெய்தார்கள். பேச்சை நூலக ரீச்சரே எழுதித் தந்தார். 'இந்நூல் எம் போன்ற மாணவர்க்கு ஓர் அரிய வழிகாட்டி' என்று முடியும். மனப்பாடம் செய்ததை ஒப்புவித்தேன், கைதட்டினார்கள். இறங்கியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு விசயம் அந்த மண்டபத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பு காலைப் பிடித்துக்கொண்டது.

"கதையில ஒரு பிழையும் இருக்கு" என்றேன்.

அதிபரின் முகம் மாறியது. ரீச்சர் "வா, வா" என்று கையைக் காட்டினார். எழுத்தாளர் அவரை மறித்து, "சொல்லட்டும் ரீச்சர்" என்றார். நான் வெயிலைச் சொன்னேன். விளங்கவில்லை என்று அவர் மேடைக் கதிரைகளை இழுத்து பஸ் மாதிரி வைக்கச் சொன்னார். ஒரு கதிரையில் தானே ஏறி இருந்தார். "இது வவுனியா, இது கிளிநொச்சி" என்று காட்டி, சூரியன் நிற்கும் பக்கத்தில் போய் நான் நின்றேன். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார், மற்றப் பக்கம் பார்த்தார், கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மூண்டு பேர் பாத்துத் திருத்தின புத்தகம் பிள்ளை இது. ஒருத்தருக்கும் தெரியேல்லை. அடுத்த பதிப்பில அவளை இடப்பக்கம் இருத்திறன்." பிறகு கேட்டார்: "உங்களுக்கு ஆர் இதைச் சொல்லித் தந்தது?"

அப்போதுதான் அப்பாவைக் கண்டேன். அன்றைய ஓட்டத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து, மண்டபத்துக்குள் கதிரை இருந்தும் உட்காராமல், யன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நானே பஸ்ஸில போய்ப் பாத்துக் கண்டுபிடிச்சனான்" என்றேன்.

மண்டபம் கைதட்டியது. யன்னலில் அப்பாவும் தட்டினார்.

மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது அவர் முதுகுக்குப் பின்னால் பயந்தபடி இருந்தேன். பரந்தன் சந்தியில் நிறுத்தி ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். அடுத்த நாளிலிருந்து பஸ்ஸில் ஏறிய சனத்துக்கெல்லாம், "என்ர மகள் புத்தகம் எழுதின ஆளையே மறிச்சுக் கேட்டவள்" என்று சொன்னாராம். யார் வெயில் கணக்கைச் சொன்னது என்ற கதையே அவர் வாயில் வரவில்லை. யன்னலுக்கு வெளியே நின்றவருக்கு நான் சொன்னது வடிவாகக் கேட்கவில்லை, தப்பினேன் என்று முடிவு செய்தேன்.

இப்போது நான் வவுனியாவில் ஆசிரியை. சென்ற வருடம் ஏதோ பேச்சில் அந்த விழா வந்தது. அப்பாவுக்குக் கேட்காமல் போனது நல்லதாய்ப் போயிற்று என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார்.

"ஆர் சொன்னது கேக்கேல்லையெண்டு? அண்டைக்கு வீட்டை வந்து எனக்கு நடிச்செல்லோ காட்டினவர். 'நானே எண்டு சொன்னவளப்பா, இவ்வளவு சனத்துக்கு முன்னால, குரல் நடுங்கேல்லை' எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னவர்."

அப்பா அப்போதைய என் வயதில் தலையைக் குனிந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர். மண்டபத்துக்குள் கதிரையில் இருக்கக்கூடக் கூசியவர். அவர் கண்டுபிடித்ததை நான் களவாக எடுத்துவிட்டேன் என்று அஞ்சிக்கொண்டு ஐஸ்கிறீம் தின்றேன். யன்னலில் நின்று கைதட்டியபோதே அதை அவர் எனக்குத் தந்துவிட்டார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.