ஈரத்திரையின் பின்பக்கம்

தண்டோராக்காரன் தொண்டை கட்டும் வரை கத்தினான். மாட்டுவண்டியில் படம் எழுதிய தட்டி, முன்னும் பின்னும் மேளம், தெருவுக்குத் தெரு நோட்டீஸ். "நம்ம தேசத்து ஆளுக எடுத்த நம்ம புராணம்! வெள்ளைக்காரன் படமில்ல!" அதுவரை திருநெல்வேலிக்கு வந்த சினிமாவில் ரயில் ஓடும், துரைமார் தொப்பியைத் தூக்குவார்கள், அவ்வளவுதான். சாமியே நடக்கப் போகிறது என்றதும் தாமிரபரணி மணலில் போட்ட கொட்டகைக்குச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்து விழுந்தது. சீவலப்பேரியிலிருந்து நாங்களும் வண்டி கட்டினோம்.

அப்பா சாமி பார்க்க வந்தார். அம்மாவுக்கும் எனக்கும் சாமி ஒரு சாக்கு. அண்ணன் நாடகக் கம்பெனியோடு ஓடிப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. பெண்வேஷம் கட்டுகிறவன். உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. மதுரையில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த கடைக்கார அண்ணாச்சி ஒருவர், "தேவி வேசம் கட்டுனது ஒங்க பய மாதிரியே இருக்கு தாயி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு உலை பொங்கி வழிவதுகூடத் தெரியவில்லை. அப்பாவிடம் மூச்சு விடவில்லை. அண்ணன் பேச்சை எடுத்தாலே வீட்டில் தட்டு பறக்கும்.

கொட்டகையின் நடுவில் திரை. முன்பக்கம் ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் படம் காட்டும் பெட்டி. பெண்களுக்குத் திரையின் பின்பக்கம்தான். துணியைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டால் படம் எங்களுக்கும் தெரியும். பேசாத படம்; நடுவில் வரும் எழுத்தை ஒருவர் சத்தமாக வாசிப்பார். எங்கள் பக்கம் எழுத்தறிந்தவர் யாருமில்லை. நானே பிற்பாடு படித்தவள்தான்.

தேவி வந்ததும் குலவை கிளம்பியது. ஒருத்தி சூடம் கொளுத்திவிட்டாள். கொட்டகை ஓலை, தீப்பிடித்தால் எல்லோரும் நேரே கைலாயம்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. எழுந்து நின்று கும்பிட்டவர்களின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் முன்னால் நின்றவளின் கொசுவத்தைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

அம்மா கும்பிடவில்லை. பூசிய மாவுக்குள் மகனைத் தேடிக்கொண்டிருந்தாள். முகம் பிடிபடவில்லை.

"கையப் பாரு ஏட்டி" என்றாள்.

அண்ணன் நொட்டாங்கைக்காரன். அம்மா அகப்பையால் எத்தனை அடி அடித்தும் இடது கைதான் முந்தும். அந்தக் கையை ஒரு தடவை கண்டால் போதும் எங்களுக்கு.

காட்டுக் குடிசை வாசலில் ஓர் ஆண்டி வந்து நின்றான். தேவி பிச்சையிட்டாள். வலது கையால். அந்த நேரம் பார்த்து முன்பக்கம் ஆண்கள் ஏனோ கூச்சல் போட்டார்கள்.

"அவனில்ல" என்றாள் அம்மா. மீதிப் படத்தை அவள் பார்க்கவில்லை. முந்தானைக்குள் முகம் புதைந்திருந்தது.

அன்று வண்ணார்பேட்டையில் அத்தை வீட்டில் தங்கினோம். காலையில் பழையது பிசைந்துகொண்டே அப்பா சலித்துக்கொண்டார். "என்னத்தப் படம் எடுத்திருக்கானுவ! தேவி போயி நொட்டாங்கையால பிச்ச போடுதா. அதுக்குத்தான் அம்புட்டுப் பேரும் ஏசுனோம்."

"எந்தக் கையால?" என்றாள் அம்மா.

"நொட்டாங்கையாலதான். நான்தான் முன்னால இருந்து பாத்தேனே."

அம்மா தன் கைகளைப் பார்த்தாள், பிறகு என்னை. பின்பக்கமிருந்து பார்த்தால் இடது வலதாகத்தான் தெரியும். அதைப் படம் ஓடும்போதே சொல்ல எங்களுக்கு யாருமில்லை. அம்மா எழுந்து கொட்டகைக்கு ஓடினாள். அந்தக் கை யாருடையது என்று புரிந்துவிட்ட அப்பா, பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் படம் எங்கள் பக்கம் மறுபடி வரவில்லை. அண்ணனும் வரவில்லை. இன்றைக்கும் யாராவது இடது கையை நீட்டினால் நான் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன்.

அன்று காலை அம்மாவின் பின்னால் ஓடி நான் போய்ச் சேர்ந்தபோது கொட்டகை ஓலையைப் பிரித்துவிட்டார்கள். வெயிலில் திரை மட்டும் நின்றது. அம்மா ஆண்கள் பக்கம் போய், வெறும் மணலில் உட்கார்ந்திருந்தாள்.

"எய்யா, ஒரே ஒரு தடவ இங்கன இருந்து பாத்துக்கிடுதேன்."

கொட்டகைக்காரர் நல்ல மனுஷர். "பகல்ல ஒண்ணும் தெரியாதும்மா. அடுத்த ஊருக்கு வண்டியும் பூட்டியாச்சு" என்றார்.

அம்மா அந்த வெள்ளைத் துணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப, துணியப் பைய, நோகாம அவுருங்கய்யா" என்றாள்.