ஜீப்புப் படி

போடியில் விடியுமுன்னே ஜீப்புகள் வரிசையாக வந்து நிற்கும். போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகிறவை. அம்மா இருபது வருசமாக அப்படி ஒரு ஜீப்பில்தான் வேலைக்குப் போய்வந்தாள். போன ஆவணியில் அவளால் அதில் தானாக ஏற முடியாமல் போனது.

பின்பக்கப் படி முழங்காலுக்கு மேலே இருக்கும். உள்ளேயிருந்து இரண்டு பேர் கையைப் பிடித்து இழுப்பார்கள். கீழே நின்று நான் இடுப்பைத் தாங்கித் தள்ளுவேன்.

"ஆத்தா, ஒங்கள ஏத்தவே தனியா ரெண்டு லோடுமேன் வேணும் போலயே," என்றார் டிரைவர் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும்தான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எங்கயாச்சும் விழுந்து வச்சா நாந்தான் பதில் சொல்லணும் தங்கச்சி. சரியாகலேன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

நான் உடற்கல்வி படித்தவள். கோயம்புத்தூரில் ஒரு ஜிம்மில் வேலை கிடைத்து, தீபாவளி முடிந்து வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். தள்ளிவிட ஆள் இல்லாமல் அவளை விட்டுவிட்டு எப்படிக் கிளம்ப? ஒற்றை அறை, ஒற்றை ஜன்னல், அதை அடைத்துக்கொண்டு குரங்கணி மலை. அந்த மாதங்களில் மலை இன்னும் கிட்டே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டினால் தசை தானாகக் கரையும், எடை தூக்கிப் பழகினால் எலும்பு கெட்டிப்படும், அவள் சுகரும் கட்டுக்குள் வரும் என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

"பொழுதெல்லாம் காட்டுல கெடக்குறவளுக்கு எதுக்குடி எக்சர்சைசு? சோலியப் பாரு."

அவள் சொன்னதை நானும் பாதி நம்பினேன். அதுதான் தப்பு. உழைக்கிற உடம்பு தாங்கும் என்று முதல் நாளே நாற்பது தடவை உட்கார்ந்து எழ வைத்தேன். மறுநாள் அவளால் பாயைவிட்டு எழவே முடியவில்லை. நாலாம் நாள் நொண்டிக்கொண்டு போனபோது அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"ஒன் படிப்பு என் காலத் தின்னுருச்சு," என்றாள். ஜீப் ஹாரன் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏலச்செடியில் காய் தரையோடு கிடக்கும். எடுக்கிறவர்கள் தூருக்குத் தூர் உட்கார்ந்த வாக்கிலேயே நகர்வார்கள். முதுகும் விரலும்தான் ஓயாமல் உழைக்கும். அவள் கால் இருபது வருசமாக மடங்கியே கிடந்திருக்கிறது.

மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது. "பத்துத் தடவைதாம்மா. கையூணாம நாற்காலியில இருந்து எந்திரி, போதும்." ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு ஒரு ஹாலோபிளாக் கல்லில் ஏறி இறங்குவது. அப்புறம் இரண்டு கல். கடைசியில் கையில் அரைக்குடம் தண்ணீர்.

"கொண்டா ஒன் கொடத்த. தீச்சட்டி எடுத்திருந்தாலாச்சும் புண்ணியம் சேர்ந்திருக்கும்."

ஐப்பசியில் ஒருநாள், ரசச் சட்டியைக் கையில் பிடித்தபடியே தரையிலிருந்து எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. நான் கத்திய கத்தலில் ரசம் பாதி கொட்டியது. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் சுகரும் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள்.

தீபாவளிக்கு முன்னால், அவள் இடத்துக்கு வந்தவள் திருப்பூருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு ஓடினோம். டிரைவர் அண்ணன் உள்ளே பார்த்து, "ஒருத்தரும் கை குடுக்கக் கூடாது," என்றார்.

அம்மா சேலையைச் செருகினாள். கம்பியைப் பிடித்து இடது காலைப் படியில் வைத்தாள். உடம்பு ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. என் கை தானாக நீண்டது.

"தொடாதடி."

ஏறிவிட்டாள். உள்ளே ஒருத்தி குலவையே போட்டாள்.

"பாத்தியா! இன்னும் பத்து வருசம் தாங்கும்டி இந்தக் காலு."

பத்து வருசம். அதே படி, அதே கொண்டை ஊசி வளைவுகள், அதே தூர். இதில் திரும்ப ஏற்றிவிடத்தானா இவ்வளவும் செய்தேன்? டிரைவர் அண்ணன் பின்பக்கச் சங்கிலியை மாட்டினார். பதினாலு பேருக்கு நடுவே இடுங்கிக்கொண்டு அவள் கத்தினாள்: "வெரசாப் போயி ஒன் துணிமணிய எடுத்து வையி. அந்த ரெண்டு கல்லையும் யாருக்கும் தூக்கிக் குடுத்துறாத, எனக்கு வேணும்."

ஜீப் மெட்டு ரோட்டில் திரும்பி மறைந்தது. தள்ளியே பழகிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.