தலைச்சன் பிரசவம் யார் செலவு?

ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் டாக்டரைக் கும்பிடுவார்கள், நர்ஸிடம் கெஞ்சுவார்கள், மிச்சமிருக்கும் கோபத்தையெல்லாம் காப்பீட்டு மேசையில் இருப்பவளிடம் கொட்டுவார்கள். காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் அந்த மேசையில் இருந்தவள் நான்.

வேலை இதுதான். நோயாளி படுக்கையில் சேர்ந்ததும் அவருடைய காப்பீட்டு அட்டையையும் டாக்டர் எழுதியதையும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி சரி என்று சொல்லும், இல்லை என்று சொல்லும், அல்லது நாலு கேள்வி கேட்கும். எதைச் சொன்னாலும் அதை நோயாளியின் சொந்தக்காரர்களிடம் நான் சொல்ல வேண்டும். சரி என்று வந்தால் டாக்டர் கைராசிக்காரர். இல்லை என்று வந்தால் நான் ராசியில்லாதவள். ‘அப்ரூவல் வந்துருச்சா’ என்று கேட்டுக் கேட்டு எங்களைப் போன்றவர்களின் மேசைமுன் கால் கடுக்க நின்றவர்களே, உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். நாம் எல்லாரும் ஒரே சங்கம்தான்.

சாமி காலடியில்

அரியக்குடியிலிருந்து ஒருவர் குடல்வால் வலியோடு மனைவியைக் கொண்டுவந்து சேர்த்தார். அட்டை எங்கே என்றேன். பூஜை அறையில் என்றார். எடுத்து வரச் சொன்னேன். போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். பூஜை அறை அலமாரிச் சாவி மனைவியின் தாலிக்கொடியில் இருக்கிறதாம். நகைகளையெல்லாம் கழற்றி ஒரு பையில் போட்டு நர்ஸ் வைத்திருந்தாள். சாவியை வாங்கிக்கொண்டு மறுபடி போய் அட்டையோடு வந்தார். பழைய காகித அட்டை. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் வைத்ததில் எண் இருக்கும் இடமே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

நகத்தால் சுரண்டினால் சந்தனத்தோடு எண்ணும் வந்தது. கடைசியில் அவருடைய கைபேசி எண்ணை வைத்துத்தான் கம்பெனியில் பாலிசியைக் கண்டுபிடித்தேன். இதையெல்லாம் பத்திரமாக வைக்கக் கூடாதா என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டுவிட்டேன். அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

“சாமி காலடியில வச்சிருக்கேன், இதுக்கு மேல எங்குட்டு வைக்கச் சொல்றீக?”

இரண்டு புள்ளி

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு டெங்கு வந்து எங்களிடம் சேர்த்தார்கள். அப்பா, அம்மா, மகன், மருமகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே குடும்பப் பாலிசி. படிவத்தில் ‘ஒரே குடும்பமா’ என்று ஒரு கேள்வி. நோயாளியின் அம்மாவான ஆச்சியிடம் கேட்டேன். இல்லை, அவன் வேறு புள்ளி, கல்யாணமானதும் வேறு வைத்துவிட்டோம் என்றார். அவர்கள் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். கோயில் வரியும் தனித்தனியாகத்தான் கட்டுவார்கள். எனக்கு அப்போது அது தெரியாது. தனிக் குடும்பம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அப்படியென்றால் இந்தப் பாலிசியில் அவர் எப்படி வருகிறார் என்று கம்பெனி கேட்டது. நான் பயந்துபோய் ஆச்சியைத் தேடி ஓடினேன். ஒரே குடும்பம் என்று பொய் எழுதச் சொல்கிறாயா என்று முதலில் அவர் என்னைத்தான் முறைத்தார். ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள், கம்பெனி கேட்பது அதைத்தான் என்று பொறுமையாக விளக்கினேன். ஆச்சி ஒருவழியாக இறங்கி வந்தார்.

“கோயிலுக்கு நாங்க ரெண்டு புள்ளி, கம்பெனிக்கு ஒரு புள்ளின்னு எழுதிக்க ஆத்தா, ஆனா கோயில்ல போய்ச் சொல்லிப்புடாத.”

நாற்காலி

எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கம்பெனி ‘இல்லை’ என்று சொன்ன அன்றைக்கு அவர் அறைக்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும். திட்டு வாங்குவது என் வேலை. எல்லாரும் போன பிறகு வெளியே வந்து, நீ சொல்கிற விதம் சரியில்லை என்பார். போன கார்த்திகையில் ஒருநாள் என்னுடைய சாய்வு நாற்காலியை எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டார். சௌகரியமாக உட்கார்ந்தால் வரிசை நகராது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

அப்போது எனக்கு மூன்றாவது மாசம். எங்கள் வீட்டில் அஞ்சு மாசம் ஆகாமல் வெளியே மூச்சுவிட மாட்டார்கள், கண் பட்டுவிடுமாம். அதனால் எனக்கு முதுகு வலிக்கிறது என்றுகூட மேனேஜரிடம் சொல்ல முடியவில்லை. வாந்தி வந்தால் மட்டும் பக்கத்து வரவேற்பு மேசை நிலோபரிடம் கண்ணைக் காட்டிவிட்டு ஓடுவேன். ஒருநாள் காலையில் நாலு தடவை ஓடினேன். மனைவியின் ஆபரேஷனுக்கு அப்ரூவல் வேண்டிக் காத்திருந்த ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி என் பக்கம் வைத்துவிட்டு நின்றுகொண்டார்.

“உக்காருங்க தாயி, நீங்க படுற பாட்டைப் பாத்தா எங்க அப்ரூவலே வராது போலருக்கு.”

விசைப்பலகைக்கு அடியில் ஒரு கடிதம்

தை பிறந்ததும் ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்தேன். நாலு வரிதான், நாலு வருஷமாக மனசில் எழுதியது. மேனேஜர் வரட்டும் என்று விசைப்பலகைக்கு அடியில் வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து ஒரு பெண் வந்தாள். ஏழு மாச வயிறு. சென்னையில் ஏதோ ஒரு கம்பெனியில் பாடாய்ப் படுத்தினார்கள் என்று போன மாசம் வேலையை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். பிரசவத்துக்கு இங்கேதான் வருவேன் என்று அட்டையை நீட்டினாள். எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வேலையை விட்ட அன்றோடு அட்டை செத்துப்போயிருந்தது.

ஆயிரம் பேருக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னேன். கம்பெனி கொடுத்த காப்பீடு வேலை இருக்கும்வரைதான். தனியாகப் புதிதாக எடுக்கலாம், ஆனால் பிரசவத்துக்கு என்றால் அதில் வருஷக் கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளை காத்திருக்காது. சொல்லச் சொல்ல என் கை தானாக விசைப்பலகையை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. என் அட்டையும் ஆஸ்பத்திரி கொடுத்தது, அதே ஜாதிதான் என்பது அந்த நிமிஷம்வரை எனக்கு உறைக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் சொன்னவள் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவளை அரசு ஆஸ்பத்திரியில் பதிவு செய்துகொள்ளச் சொல்லி, யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கிளம்பியவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

“அக்கா, இதையெல்லாம் வேலைய விடுறதுக்கு முன்னாடி யாரு சொல்லுவா?”

படிவம் நிரப்பியவர்கள்

கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு ஒரு தைரியம் இருந்தது. என் கணவர் சரவணன் வேலை பார்க்கும் நிதி நிறுவனத்திலும் காப்பீடு உண்டு. ஊழியரின் மனைவிக்குப் பிரசவச் செலவு முதல் நாளிலிருந்தே கொடுப்பார்கள், காத்திருப்பெல்லாம் கிடையாது. அதில் என் பெயர் இருக்கிறதல்லவா என்று கேட்டேன். அவர் சட்டையை மடிக்க ஆரம்பித்தார். சட்டை மடிக்கிற ஆளே இல்லை அவர்.

விஷயம் மெதுவாக வந்தது. கல்யாணமான புதிதில் பெயர் சேர்க்கப் படிவம் வந்திருக்கிறது. மனைவி, பிரசவம் என்ற கட்டத்தைப் பார்த்ததும் இவருக்குச் சந்தேகம். எங்கள் பக்கம் தலைச்சன் பிரசவம் பெண்ணைப் பெற்றவர்கள் செலவு. இவர் பாட்டுக்குக் கம்பெனியில் எழுதிவிட்டால் மாமனார் அவமானமாக நினைப்பாரோ என்று திருப்பத்தூருக்குப் போன் போட்டு என் அப்பாவிடமே கேட்டிருக்கிறார். அப்பா தச்சு வேலை செய்பவர், அளவில் நூலிழை பிசகினாலும் பொறுக்காதவர். என் மகளுக்குப் பிரசவம் பார்க்க எவன் கம்பெனியும் வேண்டாம், பேரைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். இவரும் சேர்க்காமல் விட்டுவிட்டார். இரண்டு பேரும் கலந்து பேசி முடிவெடுத்த அந்த நேரத்தில் நான் காப்பீட்டு மேசையில் உட்கார்ந்து யாருக்கோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்திருப்பேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

“நீ அந்த வேலைதான் பாக்குறங்கிறது அப்ப எங்க ரெண்டு பேருக்குமே ஞாபகம் வரல மீனா.”

அப்பாவுக்கு ஒரு விளக்கம்

சரவணன் அலுவலகத்தில் விசாரித்தார். நடு வருஷத்தில் பெயர் சேர்க்க முடியாது. ஏப்ரல் முதல் வாரம் பாலிசியைப் புதுப்பிக்கும்போது சேர்க்கலாம். எனக்குப் பிரசவம் ஆனி மாசம். ஆக, ஏப்ரலில் என் பெயர் அங்கே ஏறும்வரை நான் இங்கே வேலையில் இருந்தாக வேண்டும். நடுவில் ஒருநாள் விட்டுப்போனாலும் அந்த ஒருநாளில் எனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆனால் கையைப் பிசைய வேண்டியதுதான். பேறுகால விடுப்பு எடுத்துக்கொண்டு இருக்கலாமே என்பீர்கள். அதற்கு வைகாசிவரை அந்த ஸ்டூலில் உட்கார வேண்டும், விடுப்பு முடிந்ததும் திரும்பி வந்து அதிலேயே உட்கார வேண்டும். ஆனால் என் பெயரைச் சேர்க்க சரவணனுக்குக் கை வரவில்லை. மாமா ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார்.

அப்பாவை வரச் சொன்னேன். வெள்ளரிப்பிஞ்சும் கொய்யாவும் வாங்கிக்கொண்டு வந்தார். எடுத்துச் சொன்னதும் முகம் இறுகிவிட்டது. எனக்கு வக்கில்லையா என்று கேட்டார். வக்கு இருக்கிறது, ஆனால் குறைமாசம், கண்ணாடிப் பெட்டி என்று ஏதாவது வந்தால் உங்கள் பட்டறையே போய்விடும், அதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன் என்றேன். பிறகுதான் கண்டனூர் ஆச்சி கதையைச் சொன்னேன். கோயிலுக்கு ஒரு கணக்கு, கம்பெனிக்கு ஒரு கணக்கு என்று அவ்வளவு பெரிய வீட்டிலேயே ஒத்துக்கொண்டார்கள் என்றேன். அப்பா ஒரு கொய்யாவை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சரி, கம்பெனிக்கு அப்படி எழுதிக்கங்க, ஊர்ல கேட்டா நான்தான் பாக்குறேன்னு சொல்லணும்.”

போகச் சொன்னார் மேனேஜர்

இரண்டு மாச அறிவிப்புக் காலம் ஏப்ரல் இரண்டாம் வாரம் முடிகிற மாதிரி நாள் கணக்குப் பார்த்துக் கடிதம் கொடுத்தேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், அவ்வளவுதான். வயிறு தெரிந்துவிட்ட பிறகும் ஸ்டூல் மாறவில்லை.

பங்குனி நடுவில் திடீரென்று கூப்பிட்டார். புது ஆள் கிடைத்துவிட்டாளாம், நாளையிலிருந்து நான் வர வேண்டாமாம். நாலு வருஷத்தில் அவர் எனக்குக் காட்டிய முதல் கருணை அது. சரவணன் கம்பெனியில் இன்னும் புதுப் பெயர்ப் பட்டியல் வரவில்லை. புது ஆளுக்கு நான் சொல்லித் தருகிறேன், கோப்புகளை அடுக்கித் தருகிறேன், சந்தனம் சுரண்டக்கூடக் கற்றுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அறிவிப்புக் காலம் எழுத்தில் இருக்கிறது, முன்னதாக அனுப்புவதென்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள் என்றும் சொன்னேன். எழுத்து என்றதும் அவர் யோசித்தார். முடியும்வரை இருந்துதொலை என்றார். சந்தோஷமாகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒன்பதாம் நாள் சரவணன் கைபேசியில் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினார், அதில் என் பெயர் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நிலோபர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“நாலு வருசமா போறேன் போறேன்னு என் உசுர எடுத்த, போன்னு சொன்னா போக மாட்டேங்குற, போகலாம்னு ஆனதும் அழுகுற.”

மேசைக்கு அந்தப் பக்கம்

ஆனியில் வேறொரு ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். எல்லாம் சுகமாக முடியும் என்று நினைத்தோம், கடைசியில் ஆபரேஷன் ஆகிவிட்டது. பிள்ளையையும் நாலு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். நான் படுக்கையிலிருந்தே சரவணனிடம் நாலு செட் நகல், அட்டை, டாக்டர் கடிதம் எல்லாம் வரிசையாக எடுத்துக் கொடுத்தனுப்பினேன். அந்த மேசையிலிருந்த பெண், இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவந்ததில்லை என்றாளாம். அப்ரூவல் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வந்தது.

வீட்டுக்குப் போகிற அன்று அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். பில்லைக் கம்பெனி கட்டிவிட்டது, நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அந்தப் பெண் சொன்னதும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆட்டோவுக்கும் கம்பெனி கொடுத்துவிடுமா என்று கேட்டார். அதற்குக் கிடையாது என்றாள். பேத்தியை ஏந்தியிருந்த என்னை ஒரு தடவை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அப்பச் சரி ஆத்தா, ஆஸ்பத்திரிய அவுக பாத்துக்கட்டும், தலைச்சனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற ஆட்டோவுக்கு நான் எவன்கிட்டயும் அப்ரூவல் கேக்க மாட்டேன்.”

ஆகவே, பிடிக்காத வேலையை வயிற்றுப் பிள்ளையோடு விடப்போகும் என் சங்கத்து உறுப்பினர்களே, ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேர் கலந்து பேசி நிரப்பிய படிவம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.